வைத்தியர் தலையில் ஊற்றிய செம்பருத்தித் தண்ணீர்

கொன்றையூரை ஆண்ட மகிபால ராஜாவுக்கு எல்லாம் இருந்தது. தலைமுடிதான் நாளுக்கு நாள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தலையணையில் முடி, தயிர்சாதத்தில் முடி. அரண்மனை வைத்தியர் திருமேனியார் மூன்று வருஷமாகத் தைலம் கொடுக்கிறார். ராஜாவும் தேய்க்கிறார். கிரீடம்தான் வரவர லூசாகிக்கொண்டு வந்தது.

ராணிக்கோ கூந்தல் முழங்காலைத் தொட்டது. காரணம், அவருக்குத் தலைவாரிவிடும் ஆவுடையம்மை. அவள் வீட்டிலேயே ஒரு தண்ணீர் செய்வாள். முந்தின நாளே வெந்தயத்தையும் நெல்லி வற்றலையும் ஊறப்போடுவாள். அரிசி கழுவின தண்ணீரில் செம்பருத்தி இலையைக் கொழகொழவென்று வரும்வரை கசக்கி, சீயக்காய்க் கஷாயத்தோடு சேர்த்துத் துணியில் வடிப்பாள். கடைசியாகத் தலையை அலச அதுதான். அம்மன் பெயரைச் சொல்லாமல் ஒரு இலையும் பறிக்கமாட்டாள்.

எனக்கும் அதைச் செய்து கொடு என்று ராஜா கேட்டுவிட்டார். வைத்தியருக்கு வயிறு எரிந்தது. அடுப்படிச் சரக்கெல்லாம் மருந்தா என்று சபையில் கேட்டார். அத்தோடு விடாமல் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"அவள் தண்ணீர் நல்லதென்றால், முதல்நாள் அதை ஊற்றுகிற தலையில் ஒரு முடி உதிரக்கூடாது. உதிர்ந்தால் அவள் தலையை மழித்துவிட வேண்டும்."

யோசனையில்லாமல் ராஜா தலையாட்டினார். வைத்தியர் உடனே தன் கையாலேயே ஓலையில் எழுதி முத்திரையும் வாங்கிக்கொண்டார். நாளும் குறித்தாயிற்று. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் சனிக்கிழமை.

சேதி ஆவுடை காதுக்கு வந்தது. முடி உதிராத தலை உலகத்தில் உண்டா? அவள் தலையிலேயே தினம் பத்து உதிர்கிறது. சாமிக்கு வேண்டிக்கொண்டு முடி கொடுப்பது வேறு. கழுத்தில் தாலியோடு, தண்டனையாக மொட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது வேறு. பிறந்த வீட்டுக்கு ஓடிவிடு என்று ராணி கண்ணீர் விட்டார். அவள் விளக்கேற்றிக் கும்பிட்டாள். பிறகு வழக்கம்போல வெந்தயத்தை ஊறப்போட்டாள்.

சனிக்கிழமை காலை குளியல் மண்டபத்தில் கூட்டம். ராஜா மணையில் உட்கார்ந்தார். ஆவுடை பித்தளை அண்டாவோடு நேராக வைத்தியரிடம் போய் நின்றாள்.

"வைத்தியர் ஐயா, ராஜா மேனியில் படுகிற எதுவும் முதலில் உங்கள் மேனியில் பட வேண்டும் என்பது அரண்மனை முறை இல்லையா?"

அதற்கென்ன என்று அவர் முழங்கையை நீட்டினார். சந்தனம் வந்தாலும் களிம்பு வந்தாலும் முழங்கையில்தான் தொட்டுப் பார்ப்பார்.

"தலைக்கு ஊற்றுவதைத் தலையில்தானே ஐயா பார்க்க வேண்டும்?"

தனக்குச் சளி என்றார் வைத்தியர். நேரம் சரியில்லை என்றார். ராஜாவுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது.

"தலைப்பாகையை எடுமய்யா" என்றார்.

எடுத்தார். தேய்த்துக் கவிழ்த்த செம்புப் பானை மாதிரி இருந்தது வழுக்கைத் தலை. சனிக்கிழமை என்றால் அரண்மனை ஆண்கள் அத்தனை பேரும் ஈரத்தலையோடு திரிவார்கள். இவர் தலைப்பாகை மட்டும் ஒருநாளும் நனைந்ததில்லை. தலைவாருகிறவள் கண்ணுக்கு அது தப்புமா?

ஆவுடை சிரிக்கவில்லை. மூன்று சொம்பு ஊற்றினாள். காதுக்குப் பின்னால்கூட விடாமல் அலசினாள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, அதை ராஜா முன்னால் விரித்தாள்.

"ஒரு முடிகூட உதிரவில்லை, மகாராஜா. ஓலையில் எழுதினபடியே ஆயிற்று."

ராஜா துணியைப் பார்த்தார். வைத்தியர் தலையைப் பார்த்தார். ஓலையை வாங்கி இரண்டு தடவை படித்தார். யார் தலை என்று அதில் எழுதவில்லை.

"சரி, நீ பிழைத்தாய். என் தலையில் ஊற்றினால் உதிருமா, உதிராதா?"

"உதிரும், மகாராஜா. தினமும் உதிர்கிறது உதிரத்தான் செய்யும். வேர் நன்றாக இருந்தால் திரும்ப முளைக்கும்."

பிறகு அவள் வைத்தியர் பக்கம் பணிவாகத் திரும்பினாள். "ஐயா, மகாராஜாவுக்குக் கொடுக்கிற தைலத்தையும் முறைப்படி உங்கள் தலையில்தான் முதலில் தேய்த்துப் பார்க்கிறீர்களா?"

இல்லை என்றால் முறை தவறியவர் ஆகிவிடுவார். ராஜா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூன்று வருஷமாக" என்றார் வைத்தியர், "ஒரு நாள் தவறாமல்."

ராஜா மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மணையை அண்டாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் குனிந்தார்.

"ஆவுடை, மிச்சம் இருக்கிறதா, அவருக்கே எல்லாம் ஊற்றிவிட்டாயா?"