உவர்க்காட்டில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை

உவர்க்காட்டில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைத்தால்தான் முகம் கோணும், அவ்வளவு உப்பு. அந்த ஊர் டீயை ஒருமுறை குடித்தவர்கள் அதன்பின் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கும் ஒருநாள் ஆர்.ஓ. மிஷின் வந்தது. உள்ளே இருக்கிற சவ்வு உப்புத் தண்ணீரைப் பிரித்து, ஒரு குழாயில் நல்ல தண்ணீரையும், இன்னொரு குழாயில் முன்னைவிடக் கரிக்கிற கழிவுத் தண்ணீரையும் விட்டது. கழிவை ஊரார் பின்பக்க ஓடையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

குடிநீர்க் கமிட்டித் தலைவர் மாசானத்துக்கு அந்த மிஷின்மேல் தனிப் பாசம். தண்ணீரைக் காரணம் சொல்லியே அவர் மகன் இசக்கிராஜுக்கு யாரும் பெண் கொடுக்காமல் இருந்தார்கள். மிஷின் வந்த பிறகுதான் மேலச்சுனை ஊர் சேர்மதுரை தன் மகளைக் கொடுக்க இறங்கி வந்தார். அதிலும் ஒரு கண்டிஷன்.

"மிஷின் ஓடுத வரைக்கும்தான் சம்பந்தம், அண்ணாச்சி. அது நின்னுட்டா பேச்சும் நின்னுரும்."

இந்த நேரம் பார்த்து, ஓடைத் தண்ணீரால் பயிர் கருகுகிறது என்று கீழூர்க்காரர்கள் புகார் கொடுக்க, ஒரு அதிகாரி அம்மா வந்து இறங்கினார். "இனிமே கழிவுத் தண்ணி ஒரு சொட்டுகூட இந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே போகக் கூடாது. அகலமா ஒரு தொட்டி கட்டி, அதுல தேக்குங்க. மறுபடி வருவேன். ஒரு சொட்டு வெளியே கிடந்தாலும் மிஷினுக்கு சீல்" என்றார்.

தேக்கின தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்லவேண்டும் என்று நினைத்துவிட்டார். பாவம், ஊருக்குப் புதுசு.

தொட்டி கட்டியாயிற்று. நிரப்பி, விளிம்பில் கரிக்கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. மாசானம் உடனே தொட்டிக்குள் ஆளை இறக்கினார்.

"ஓட்டை கீட்டை இல்ல, அண்ணாச்சி. உள்ள எறங்கித் தடவிப் பாத்துட்டேன்" என்றார் மிஷின் ஓட்டுகிற பிச்சைக்கண்ணு.

"அப்பம் தண்ணி எங்க போச்சு?"

கமிட்டியின் மூன்றாவது ஆளான சுடலைவடிவு அண்ணாந்து பார்த்தாள். "கீழ போவல. பக்கத்துலயும் போவல. மேலதான் போயிருக்கு."

"மேல போனா அது வெளியவா, உள்ளயா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பிச்சைக்கண்ணுதான் சொன்னார். "காம்பவுண்டுக்குக் கூரை இல்லையே. அப்பம் வெளியதான்."

உடனே தார்ப்பாய் வாங்கி வந்து தொட்டியை இறுக்க மூடினார்கள். ஓரமெல்லாம் கல் வைத்தார்கள். அதன்பின் தண்ணீர் குறையவே இல்லை. மாசானம் கால் நீட்டித் தூங்கினார்.

மிஷினோ ஓடிக்கொண்டே இருந்தது. குறையாத தொட்டி நிறையாமல் என்ன செய்யும்? நிறைந்து, வழிந்து, சுவருக்கு அடியில் புகுந்து தெருவுக்கு வந்துவிட்டது.

"மிஷினை நிறுத்திருவோமா?" என்றாள் சுடலைவடிவு.

"நிறுத்தினா எம் மவன் கலியாணமும் நின்னுருமே, தாயி" என்றார் மாசானம்.

பிச்சைக்கண்ணு தண்ணீரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி வெளிய வரல, அண்ணாச்சி. காம்பவுண்டுதான் ரொம்ப உள்ள தள்ளி நிக்கி."

மாசானத்துக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. சுவரை இடித்துவிட்டு, ஈரம் முடிகிற இடத்துக்கு அப்பால் முள்வேலி போட்டார்கள். ஈரம் நகர்ந்தது. வேலியும் நகர்ந்தது. காலையில் எழுந்ததும் மூவரும் வெறுங்காலோடு நடப்பார்கள். கால் நனையாத இடம் வந்ததும் கம்பை ஊன்றுவார்கள். ரேஷன் கடை வேலிக்குள் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சுடுகாடும் வந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் கேட் வைத்தபோது ஊரே காம்பவுண்டுக்குள் இருந்தது.

அதிகாரி அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். "காம்பவுண்டு எங்கேய்யா?"

"பஸ் ஸ்டாப்புல ஒரு கேட்டைத் தாண்டி வந்தீயளே, அதாம்மா" என்றார் மாசானம் அடக்கமாக.

அம்மாவின் பார்வை தார்ப்பாயில் போய் நின்றது. "இதை ஏன் மூடி வெச்சிருக்கீங்க?"

"தப்பிச்சுப் போவுதும்மா."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார்: "உப்புத் தண்ணியை எங்க கண்டாலும் வெயில்ல காய வைங்க. தண்ணி ஆவியாப் போனாப் போகட்டும். மிச்சமிருக்கிற உப்பைச் சுரண்டி எடுத்து வைங்க. ஒரு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள உப்புத் தண்ணி ஒரு சொட்டு அந்த கேட்டைத் தாண்டினாலும் சீல்தான்."

"தாண்டாதும்மா" என்றார் மாசானம். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னார்.

தார்ப்பாயை எடுத்தார்கள். தொட்டி காய்ந்தது, தெரு காய்ந்தது, உப்பை மூட்டை கட்டினார்கள். அந்த மாதத்திலேயே கலியாணமும் வந்தது. வந்தவர்களெல்லாம் தண்ணீரை வாங்கி வாங்கிக் குடித்தார்கள். சேர்மதுரையே இரண்டு செம்பு குடித்துவிட்டு, பரவாயில்லை என்றார். மாசானத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் பெண் வீட்டார் கிளம்பினார்கள். கேட் பக்கத்தில் வந்ததும் பெண்ணின் அம்மா மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சித்திமார், அத்தைமார் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வழியனுப்ப நின்ற மாசானம் அந்தக் கன்னங்களைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

"பிச்சைக்கண்ணு, அது என்ன தண்ணி வே?"

"உப்புத் தண்ணி, அண்ணாச்சி."

"கேட்டைச் சாத்தும்."

கலியாணப் பந்தலிலிருந்து நாற்காலிகள் வந்தன. நல்ல வெயிலாகப் பார்த்து வரிசையாகப் போட்டார்கள். "கோவிச்சுக்கிடாதீய, மதினி. கொஞ்ச நேரம் இப்படி உக்காருங்க. காஞ்சதும் போயிரலாம்" என்று மாசானம் ஒவ்வொருவரையும் கும்பிட்டு உட்கார வைத்தார். உப்பைச் சுரண்ட, சுடலைவடிவு தோசைத் திருப்பியோடு பக்கத்தில் நின்றாள்.

சத்தம் கேட்டு சேர்மதுரை ஓடி வந்தார். வெயிலில் உட்கார்ந்திருக்கிற மனைவியைப் பார்த்தார், சாத்தின கேட்டைப் பார்த்தார், தோசைத் திருப்பியைப் பார்த்தார். எப்பேர்ப்பட்ட இடத்தில் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கண்கள் மளமளவென்று நிறைந்தன.

அவருக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார் மாசானம்.