அலை முதுகை வளைத்த நாள்

இந்தக் கதை என்னிடம் நேராக வந்ததல்ல. கல்லூரியில் கூடப் படித்த தோழிக்கு அவளுடைய சித்தப்பா சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு, "உப்பளத்துல ஒருத்தர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதனால் ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. ஆட்களின் பெயரை மட்டும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டு முறையும் அவர் மாற்றிச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில், நண்டும் அலையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், அலை இப்போதுபோல வளைந்து வராது. சுவர்போல நிமிர்ந்து வரும். கரையைத் தொட்டதும் நின்று, நிமிர்ந்தபடியே திரும்பிப் போகும். நுரை கிடையாது. சிரிப்பு என்பதே அதற்குத் தெரியாது.

ஈர மணலில் ஒரு குழி நண்டு காவல் இருந்தது. தண்ணீரில் கால் வைக்க வருகிற எல்லாரிடமும் அது ஒரே கேள்வியைக் கேட்கும்: "என்ன வேலை?" வலையும் கட்டுமரமுமாக வந்தவர்களுக்கு அலை வழிவிடும். வேலை இல்லாமல் கால் நனைக்க வந்தவர்களை ஓர் அறை அறைந்து மேட்டில் வீசிவிடும். கடலை வாசலில் வைத்துக்கொண்டே அந்தக் குப்பத்து மக்கள் குடத்தில் மொண்டுதான் குளித்தார்கள்.

அந்தக் குப்பத்தில் நீலாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷனுக்குச் சமமாகக் கட்டுமரம் தள்ளுவாள். வாயும் அதே பலம்தான். அவள் தன் மகள் வஞ்சியை இரண்டு நாள் வண்டிப் பயணத்தில் இருந்த கரிசல் ஊரில் கட்டிக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையின் தாய் உலகம்மாள் சம்பந்தியைக் கைபிடித்து அழைத்துப் போய்த் தங்கள் கிணற்றைக் காட்டினாள். பெண்களும் பிள்ளைகளும் மேலிருந்து தொப்பென்று குதிப்பதும் நீந்துவதுமாக இருந்தார்கள்.

"உங்க ஊர்ல அவ்வளவு தண்ணி கெடக்கு. இப்படி ஒரு முங்கு முங்க முடியுமா சம்பந்தி?" என்று உலகம்மாள் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நீலாயிக்குப் பொறுக்கவில்லை. "கிணத்துல நாமதான் தண்ணிய தேடி இறங்கணும். எங்க ஊர்ல அலை வந்து எங்களை முதுகுல ஏத்திக்கிட்டுப் போகும். அறுப்பு முடிஞ்சதும் வந்து பாருங்க" என்றாள்.

சொன்னபோது அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கரிசல்காரர்கள் காட்டை விட்டுவிட்டு எங்கே வரப்போகிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

வந்துவிட்டார்கள். இரண்டு வண்டியில் பதினான்கு பேர். கட்டுச்சோறு, மாற்றுத்துணி, சின்னப் பிள்ளைகளின் தலையில் வழிய வழிய எண்ணெய். நாலு நாள் இருந்து தண்ணீரில் ஆடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. உலகம்மாள் வண்டியிலிருந்து இறங்கி இடுப்பை நிமிர்த்திக் கடலைப் பார்த்தாள். சுவர் சுவராக அலை வந்து நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

"எங்க சம்பந்தி, உங்க குதிரை? லாயத்துல கட்டிப்போட்டிருக்கா?" என்றாள்.

வஞ்சி தாயை ஓலைத்தட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கடல் இந்த வாரம் சரியில்லை என்று சொல்லிவிடும்படி கெஞ்சினாள். ஒருநாள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றாள். ஆனால் அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. அந்த வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்ததையே ஆறு மாதம் பேசுவார்கள். தாய் சொன்னது பொய் என்று ஆகிவிட்டால், இனி வஞ்சி அந்த வீட்டில் எதைச் சொன்னாலும், "கடலம்மா மக சொல்றா, கேட்டுக்கோங்க" என்பார்கள். கிழவியாகிற வரைக்கும் சொல்வார்கள். நீலாயிக்கு அது தெரியும். அவளுடைய வாய்ச்சவடாலுக்கு மகள் ஆயுள் முழுக்கத் தலைகுனிய வேண்டும்.

வந்தவர்களுக்கு இலை போட்டு, மீன்குழம்பு ஊற்றிவிட்டு, நீலாயி கொல்லைக்குப் போனாள். உடைந்துபோன கட்டுமரத்தின் ஓரக்கட்டை ஒன்று அங்கே கிடந்தது. ஆள் நீளம், முன்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஈர மணலுக்கு இறங்கினாள்.

நண்டு கண் இரண்டையும் தூக்கிப் பார்த்தது. "என்ன வேலை? வலை எங்கே?"

மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னால் வழி கிடைக்கும். அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஏற்கெனவே சொன்ன ஒரு பொய் பதினான்கு பேரைக் கூட்டி வந்து இலையில் உட்கார வைத்திருப்பது அவளுக்கு நினைவு வந்தது.

"வேலை ஒண்ணும் இல்ல. விளையாட வந்திருக்கேன்" என்றாள்.

அப்படி ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. நண்டு பக்கவாட்டில் நாலடி ஓடி, திரும்ப நாலடி ஓடி வந்தது. வந்துகொண்டிருந்த அலை கரைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தன் முதுகு சரக்கு சுமக்கிற முதுகு என்றும், திமிங்கிலத்தையே சுமந்து நிமிர்ந்து நின்ற முதுகு என்றும், ஒரு நாளும் எதையும் தவறவிட்டதில்லை என்றும் அது சொல்லிக்கொண்டே போனது.

நீலாயி முழுக்கக் கேட்டாள். பிறகு, குப்பத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் உப்புமூட்டை தூக்கி விளையாடுவதைக் காட்டினாள். அதில் ஒரு விதி உண்டு. சுமக்கிறவர் ஏறியவரை மெல்ல இறக்கிவிட வேண்டும். பொத்தென்று போட்டுவிட்டால் போட்டவருக்குத் தோல்வி. அவரே மறுபடியும் சுமக்க வேண்டும்.

"என்னைக் கரையில மெல்ல இறக்கிவிட்டா, என் குடும்பம் இனிக் கடல்ல கால் வைக்காது. போட்டுட்டா, நீ மறுபடி சுமக்கணும். எங்க ஆளுக யார் வந்தாலும் சுமக்கணும்" என்றாள்.

பிழைப்பையே பந்தயத்தில் வைத்துவிட்டாள். மேட்டில் நின்ற அவள் புருஷனுக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

எதையும் தவறவிட்டதில்லை என்று இப்போதுதான் சொன்ன அலை எப்படி மறுக்கும்? சரி என்றது. நண்டு தன் காலால் மணலில் ஒரு கோடு கிழித்து, இங்கேதான் இறக்க வேண்டும் என்றது.

சாப்பிட்டு முடித்தவர்கள் வரிசையாக வந்து மணலில் உட்கார்ந்தார்கள். நீலாயி கழுத்தளவு தண்ணீருக்குப் போனாள். முதல் அலை வந்தது. சுவரில் எங்கே ஏறுவது? வழுக்கிக் கீழே விழுந்தாள். இரண்டாவது முறையும் வழுக்கினாள். கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. உலகம்மாள், "சம்பந்தி, குதிரை ஏறவிட மாட்டேங்குதே" என்றாள். வஞ்சி யாரையும் பார்க்காமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

நீலாயி மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திவிட்டு அலையைப் பார்த்தாள். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், குனிஞ்சாத்தான் ஆள் ஏற முடியும்னு. நீ நிமிர்ந்து நின்னுக்கிட்டு விளையாடணும்னா சுவத்துக்கிட்ட போய் விளையாடு."

அலை யோசித்தது. பிறந்ததிலிருந்து அது குனிந்ததில்லை. கொஞ்சம், மிகக் கொஞ்சம், முதுகை வளைத்தது.

அது போதும். கட்டுமரக்காரர்கள் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள்: அலைக்கு விலாவைக் காட்டாதே; போகும்போது மூக்கைக் காட்டு, வரும்போது வாலைக் காட்டு. நீலாயி கட்டையின் மூக்கைக் கரைக்கு நேராகத் திருப்பி, மார்பை அதில் அழுத்திக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். கட்டை சரியாக அலையின் பிடரியில் போய் உட்கார்ந்தது.

அலைக்குப் பிடரியில் கூசியது. கூசியதும் இன்னும் வளைந்தது. வளைந்ததும் இன்னும் கூசியது. அடக்க முடியாமல் முதன்முதலாகச் சிரித்தது. உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை வெள்ளையாக நுரை வெடித்தது. நிமிர வேண்டும் என்பதையே அது மறந்துவிட்டது. நீலாயியைத் தூக்கிக்கொண்டு, வண்டி மாடு மிரண்டு ஓடுகிற வேகத்தில், சிரித்துக்கொண்டே கரைக்குப் பாய்ந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் கரையும் பனையும் பதினான்கு தலைகளும் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவள் கத்தினாள். பயத்தில் கத்தவில்லை. அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

நண்டு துள்ளி விலகியது. கோடு அழிந்தது. அலை கால் தடுக்கியதுபோலக் கவிழ்ந்து, அவளைக் கட்டையோடு உலகம்மாள் காலடியில் பொத்தென்று போட்டது.

நீலாயி தலையைத் தூக்கினாள். வாய் நிறைய மணல். அதைத் துப்பிவிட்டுக் கடல் பக்கம் திரும்பினாள்.

"போட்டுட்ட. வா, மறுபடி தூக்கு."

அலைக்குத் தோற்ற வருத்தம் துளியும் இல்லை. அது ஏற்கெனவே திரும்பி வந்துகொண்டிருந்தது, வளைந்த முதுகோடு.

உலகம்மாள் எழுந்தாள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். "அந்தக் கட்டைய இங்க குடுங்க" என்றாள். அன்றைக்கு வெயில் சாயும்வரை பதினான்கு பேரும் ஏறினார்கள். பதினான்கு பேரையும் அலை போட்டது. சின்னப் பிள்ளைகள் தலையில் இருந்த எண்ணெயெல்லாம் கடலுக்குப் போயிற்று. வாலைக் காட்டாமல் விலாவைக் காட்டியவர்களை மட்டும் அது சேலையும் தலைமுடியுமாக உருட்டிவிட்டது. வஞ்சி மாமியாருக்கு அடுத்ததாக ஏறினாள், எல்லாருக்கும் பின்னால் கரையேறினாள்.

கட்டுச்சோற்றைப் பிரித்தபோது உலகம்மாள் நீலாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உண்மைய சொல்லுங்க சம்பந்தி. இன்னைக்கு முன்னாடி நீங்க ஏறினதே இல்லதானே?"

நீலாயி இல்லை என்று தலையாட்டினாள்.

"தெரியும். ஏறிப் பழகினவ வாய மூடிக்கிட்டு வந்திருப்பா" என்று சொல்லி, உலகம்மாள் தன் பல்லிடுக்கிலிருந்த மணலை விரலால் எடுத்துக் காட்டினாள். "ஊர்ல போய் நான் என் கண்ணால பார்த்ததைத்தான் சொல்வேன். அலை ஏத்திக்கிட்டு வந்துச்சு. அவ்வளவுதான். உங்க மக தலைய நிமிர்த்தியே இருக்கட்டும்."

அன்று முதல்தான் அலை கரையை நெருங்கியதும் முதுகை வளைக்கிறது. வளைத்ததும் கூச்சம் தாங்காமல் வெள்ளையாகச் சிரிக்கிறது. தூக்கியவரை மெல்ல இறக்கத் தெரியாமல் போட்டுவிட்டு, விதிப்படி மறுபடியும் தூக்கத் திரும்பி வருகிறது. நண்டும் கோடு கிழிக்க ஓடி வருவதும், அலை வந்ததும் ஓடி ஒளிவதுமாக இன்னும் இருக்கிறது. இப்போது அது யாரிடமும் என்ன வேலை என்று கேட்பதில்லை.

பின்னால் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். கரையருகே ஆழம் குறைவதால் அலையின் அடிப்பாகம் மெதுவாகிறது, மேல்பாகம் முந்துகிறது, அதனால் வளைந்து கவிழ்கிறது என்று போட்டிருந்தது. அது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் விதி இன்னும் செல்லுமா என்று தெரிந்துகொள்ள, போன விடுமுறையில் ஒரு பலகையோடு கடலுக்குப் போனேன். இருபத்துமூன்று முறை ஏறினேன். இருபத்துமூன்று முறையும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது.