கதவைத் திறந்ததும் வலப்பக்கம்

முன்னொரு காலத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடந்த ஒரு நாட்டை நெடுமுடியன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட சட்டத்தை மாலையில் மறந்துவிடுகிற ராஜா. ஆனால் தன் தனியறையைப் பூட்ட மட்டும் அவன் மறந்ததில்லை. அந்த அறைக்குள் ராணிகூடப் போனதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அரண்மனை முழுக்க ஆசை இருந்தது. கேட்கத்தான் யாருக்கும் துணிவில்லை.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. ஒருநாள் ராஜா சாவியைப் போட்டுத் திருகினான். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை.

சபை கூடியது.

"உடைத்துவிடலாம், அரசே" என்றார் கருவூலத் தலைவர் பண்டாரநாயகம். அமைச்சர் திருமேனியின் ஆசனத்தின் மேல் நெடுநாளாக ஒரு கண் வைத்திருந்தவர் அவர்.

"உடைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பூட்டுக்காரன் ஒருவன் வந்து திறக்கட்டும்" என்ற ராஜா, உடனே முகம் வாடினான். "இன்று திறந்தவன் நாளைக்கும் திறப்பானே."

"வேலை முடிந்ததும் கட்டைவிரலை வெட்டிவிடலாம்" என்றார் பண்டாரநாயகம்.

"நல்ல யோசனை."

"நாக்கு மிச்சம் இருக்குமே" என்றார் அமைச்சர்.

"அதையும் வெட்டினால் போயிற்று" என்றார் பண்டாரநாயகம்.

"அவனுக்கு எழுதத் தெரிந்திருந்தால்?"

அடுத்து எதை வெட்டலாம் என்று பண்டாரநாயகம் யோசிக்கத் தொடங்கினார். ராஜா கையமர்த்தினான்.

"உம்முடைய வழி என்ன, திருமேனி?"

"வெட்டத் தேவையில்லாத ஆளாகப் பார்க்கலாம்."

"அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"நாளை நண்பகலில் மகுடத்தைக் கழற்றிவைத்துவிட்டு என்னோடு வாருங்கள்."

பண்டாரநாயகம் சிரித்தார். "எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறான். பெயர் பொன்னுரங்கன். வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் எந்தப் பூட்டையும் திறப்பான்."

"அவனையும் பார்ப்போம். நான் சடைச்சி என்ற பூட்டுக்காரியை வரச்சொல்கிறேன்."

"பெண்ணா?"

"கட்டைவிரல் அவளுக்கும் உண்டு" என்றார் அமைச்சர்.

ராஜா எழுந்தான். "நம்பத்தக்க ஆள் கிடைத்தால் விரல் தப்பும். இல்லையென்றால், வேலை முடிந்ததும் வெட்டுத்தான்."

மறுநாள் நண்பகலில், பழைய வேட்டி கட்டிய ராஜாவை அமைச்சர் ஒரு சந்துக்கு அழைத்துப்போனார். பெரிய வீடு ஒன்றின் பின்வாசல். கதவில் பூட்டு தொங்கியது. வாழ்நாளில் ராஜா பார்த்த முதல் பின்வாசல் அதுதான்.

"யார் வீடு இது?"

"இப்போதைக்கு உங்களுடையது. சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அமைச்சர் வேப்பமரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலில் பொன்னுரங்கன் வந்தான். ராஜா சொன்னதைப் பாதி கேட்கும்போதே கம்பியை நுழைத்துவிட்டான். பூட்டு வாயைப் பிளந்தது. கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். ராஜாவுக்கு ஒரே வியப்பு. அமைச்சர் வந்து பூட்டை மறுபடி அழுத்திப் பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்து சடைச்சி வந்தாள். பையைக் கீழே வைத்தாள். எதையும் வெளியே எடுக்கவில்லை.

"வீடு உங்களுதா, அண்ணே?"

"ஆமாம்."

"கதவைத் திறந்ததும் வலப்பக்கம் என்ன இருக்கும்?"

ராஜா விழித்தான். அவனுக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். "சிங்காதனம்" என்றான்.

"பின்வாசல்லயா?"

"சிறியதுதான்."

"இடப்பக்கம்?"

"சாமரம் வீசுகிறவர்கள்."

சடைச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ராஜா அவசரமாக மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். அவள் மோதிரத்தைத் தொடாமல் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, இந்த வீட்டுக்காரர் இவருதானா?"

உலக்கையோடு வெளியே வந்த பெண் சொன்னாள். "இது பண்டாரநாயகம் ஐயா வீடு. இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல."

அதற்குள் சடைச்சி ராஜாவின் மேல்துண்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "காவக்காரர் வரட்டும், அண்ணே. அதுவரைக்கும் சாமரத்த நெனச்சிக்கிட்டு நில்லுங்க."

காவல்காரன் வந்தான். ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் காலில் விழுந்தான்.

சபையில் பண்டாரநாயகம் ஆவலோடு காத்திருந்தார். "என் ஆள் திறந்தானா, அரசே?"

"நொடியில் திறந்தான்."

"நான்தான் சொன்னேனே. எந்தப் பூட்டு?"

"உம் வீட்டுப் பின்வாசல் பூட்டு. யார் நீ என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை."

பண்டாரநாயகத்தின் முகத்தில் ரத்தம் வற்றியது. "அரசே, நான் கொஞ்சம் வீடு வரைக்கும் போய்..."

"போகலாம். அதற்கு முன் ஒன்று. நம்பத் தகாதவனைக் கொண்டுவந்தவருக்கு எதை வெட்டலாம்?"

அவர் இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். சபை சிரித்தது. புதுப் பூட்டு வரும்வரை அவர் வீட்டுப் பின்வாசலில் அவரே காவலிருக்கும்படி ராஜா உத்தரவிட்டான்.

பிறகு சடைச்சியைத் தனியறைக்கு அழைத்துவந்தார்கள். கதவின் முன்னால் நின்று அவள் பையைக் கீழே வைத்தாள்.

"ராசா, கதவைத் திறந்ததும் வலப்பக்கம் என்ன இருக்கும்?"

"அரண்மனையே அவருடையதுதான், பெண்ணே" என்று சீறினான் ஒரு சேவகன்.

"அது சரி. இந்தக் கதவுக்கும் கேக்கணும்ல."

ராஜா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அவன் காதுமடல் சிவந்தது. சடைச்சி சிரிக்கவில்லை.

அவள் பூட்டைத் தட்டிப் பார்த்தாள், கதவின் அடியைத் தடவிப் பார்த்தாள். "பூட்டு நல்லாத்தான் இருக்கு. மழையில கதவு ஊதிப்போய் நிலையைப் புடிச்சிக்கிச்சு. அடியில கொஞ்சம் செதுக்கினாப் போதும்." உளியை வைத்து வேலையை முடித்தாள். கதவை ஒரு விரற்கடை திறந்து, வலப்பக்கம் பார்த்து, உடனே சாத்தினாள்.

"உங்க அறைதான், ராசா."

ராஜா அவள் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி அதில் போட்டான். இனி அரண்மனைக் கதவுகள் எல்லாமே அவள் பொறுப்பு என்றான்.

வெளியே வந்தவளை, இன்னும் காவலுக்குப் போகாத பண்டாரநாயகம் அரண்மனை வாசலில் மறித்தார். "சடைச்சி, வலப்பக்கம் என்ன இருந்தது?"

"ஐயா வீட்டுப் புதுப் பூட்டுக்கு எப்ப வரட்டும்?" என்று கேட்டாள் அவள்.

ராணி கேட்டாள். அமைச்சரும், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிக் கேட்டார். அவர்களிடமும் கதவுகளைப் பற்றித்தான் பேசினாள். ராஜா போனான், அந்த நாடும் போனது. அவள் யாரிடமாவது சொல்லியிருந்தால், இந்தக் கதையில் அது இருந்திருக்கும்.