உள்ளான் ஏன் கல்லைப் புரட்டுகிறது

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் நண்டும் ஒரே பாஷையில் பேசி ஒரே பாஷையில் சண்டையும் போட்ட காலத்தில், வடக்கே வெகு தூரத்துப் பனிக்காட்டில் ஓர் உள்ளான் இருந்தது. உள்ளான் என்றதும் பெரிய பறவை என்று நினைத்துவிட வேண்டாம். மைனா அளவுதான் இருக்கும். செங்கல் நிற முதுகு, ஆரஞ்சு நிறக் குட்டைக் கால், நுனி லேசாக மேலே தூக்கிய அலகு. அந்தச் சின்ன உடம்புக்குள் ஆசை மட்டும் அடங்காமல் கிடந்தது.

அதன் ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. பனியைக் கிளறினால் கல், கல்லைக் கிளறினால் மறுபடியும் பனி. ஒரு நாள் "போதும்டா சாமி" என்று கிளம்பிவிட்டது. மலை தாண்டி, மணல்காடு தாண்டி, இறக்கை மரத்துப்போகும் வரை பறந்து, தென்கடலில் ஒரு குட்டித் தீவின் மணலில் பொத்தென்று விழுந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தால், அடேயப்பா! தண்ணீர் அவ்வளவு தெளிவு. உள்ளே பவளம் சிவப்பாக, மஞ்சளாக, ஊதாவாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது. ஓர் ஆவுளியா, அதுதான் கடல்பசு, தன் குட்டியோடு நிதானமாகக் கடல்புல் மேய்ந்துகொண்டிருந்தது. கரையில் தாழம்பூ மணம் மூக்கைத் துளைத்தது. சந்தடி என்பதே கிடையாது. பெரிய அலையெல்லாம் தூரத்துப் பாறையிலேயே உடைந்துவிட, கரைக்கு வந்து சேர்ந்தது மெத்தென்று ஒரு நுரை மட்டும்தான்.

உள்ளானுக்குத் தலைகால் புரியவில்லை. கத்திக்கொண்டே கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது.

"யாருல அது, வந்ததும் வராததுமா இந்தக் கத்து கத்துதது?" என்று ஒரு குழியிலிருந்து இரண்டு கண்கள் நீண்டன. அது அந்தத் தீவின் நாட்டாமை நண்டு. ஒரு கொடுக்கு பெரிது, கோபம் அதைவிடப் பெரிது.

"மாமா, இதெல்லாம் உங்களோடதா?"

"என்னோடதும் இல்ல, உன்னோடதும் இல்ல. எல்லாரும் இருக்கோம், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு வந்திருக்கே?"

"நான் போகவே மாட்டேன் மாமா. இங்கேயே இருந்துக்கிடுதேன்!"

நண்டு சிரித்துவிட்டது. "வாரவன் எல்லாம் முத நாள் இதத்தான் சொல்லுதான். மூணு நாள் விருந்தாளியா இரு. மூணாம் நாள் எல்லாரையும் கேப்பேன். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் நீ கிளம்பிரணும். அப்புறம் இங்க ஒரே ஒரு சட்டம். கல்லைத் தூக்கக் கூடாது."

"கல்லையா? அதைப் போய் எவன் தூக்குவான்? அதுக்கு அடியில என்ன இருக்கப் போவுது?" என்று உள்ளான் சிரித்தது. பாவம், அதற்குத் தெரிந்த கல்லெல்லாம் பனிக்காட்டுக் கல்.

"இங்க ஒவ்வொரு கல்லும் ஒரு வீடுல. ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நண்டு குழிக்குள் போய்விட்டது.

இரண்டு நாளும் உள்ளானுக்குக் கல்யாண வீடுதான். ஆவுளியாக் குட்டியோடு ஓட்டப்பந்தயம் வைத்தது. ஆமையின் முதுகில் ஏறிச் சவாரி போனது. பார்த்த எல்லோரையும் முறைவைத்துக் கூப்பிட்டது. ஆமை பெரியம்மா, நாரை சித்தப்பா. கடல் அட்டைக்கு என்ன முறை சொல்வது என்று தெரியாமல் அதையும் மச்சான் என்றது. எல்லோருக்கும் அதைப் பிடித்துப்போயிற்று. "இருந்துட்டுப் போகட்டும்யா, நல்ல கலகலப்பான பய" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தீர்ப்பு என்ன என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்ட மாதிரிதான்.

ஆனால் இரண்டாம் நாள் மாலை ஓர் அலை ஒரு சின்னக் கல்லைப் புரட்டிப் போட்டதை உள்ளான் பார்த்துவிட்டது. அடியில் நீல வால் மீன் ஒன்று, நகம் அளவு நட்சத்திர மீன்கள், கண்ணாடிபோல உடம்பு தெரிகிற இறால் ஒன்று! அலை திரும்ப வந்து கல்லை மூடிவிட்டது. உள்ளானுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் அலகு ஊறியது. சட்டம் ஞாபகம் வந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டது என்று சொல்லலாம் என்றால், பறவைக்குப் பல் ஏது?

மூன்றாம் நாள் உச்சிவெயில். கடல் நன்றாக உள்வாங்கி, கற்களெல்லாம் வெளியே தெரிந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டம். உள்ளான் நிலைகொள்ளாமல் கரையோரம் நடந்தது. அப்போது ஒரு தட்டைக் கல்லின் இடுக்கிலிருந்து ஒரு கண் அதைப் பார்த்தது. கண்ணைச் சுற்றி நிறம் சிவப்பானது, பச்சையானது, பால் வெள்ளையானது.

"ஒரே ஒரு தடவை" என்று உள்ளான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடுக்கில் அலகை விட்டு, உடம்பு பலத்தையெல்லாம் கூட்டி ஒரு நெம்பு நெம்பியது. கல் புரண்டு, சரிவில் உருண்டு, இரண்டு பாறைகளுக்கு நடுவே மல்லாந்து சிக்கிக்கொண்டது.

அடியில் இருந்தது பேய்க்கணவாய், அதுதான் ஆக்டோபஸ். எட்டுக் கை இருந்தும் ஒரு கையைத் தூக்கத் தெம்பில்லாமல் இளைத்துப்போன ஒரு தாய். புரண்ட கல்லின் அடிப்புறத்தில், இப்போது வெயிலைப் பார்த்தபடி, அரிசிமணி போன்ற முட்டைகள் சரம் சரமாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள்.

"மதினி, நான்... நான் சும்மா பாக்கத்தான்..." என்ற உள்ளான் கல்லைத் திருப்பிப் போட முட்டி மோதிப் பார்த்தது. கல் அசைந்து கொடுக்கவில்லை. நண்டு ஓடி வந்தது, ஆமை வந்தது. எல்லோரும் சேர்ந்து தள்ளியும் பயனில்லை.

"போ! இப்பவே கிளம்பிப் போயிரு!" என்று நண்டு கொடுக்கைத் தூக்கியது.

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றது பேய்க்கணவாய், கல்லின் மேல் ஊர்ந்து ஏறி முட்டைகள்மீது உடம்பைப் பரப்பிக்கொண்டே. "எம் பிள்ளைக காயுது. தண்ணி வேணும்."

தண்ணீரோ எட்டாத தூரத்தில் கிடந்தது. உள்ளான் ஓடியது. ஈரப் பாசியை அலகில் கவ்வி வந்து முட்டைகள்மேல் போர்த்தியது. மறுபடி ஓடியது. போட்ட பாசி காய்வதற்குள் அடுத்த பாசி. மணல் கொதித்தது, குட்டைக் கால் கொப்பளித்தது. அது நிற்கவில்லை. அதன் ஓட்டத்தைப் பார்த்து நண்டுகூடக் கொடுக்கை இறக்கிவிட்டுப் பாசி இழுக்கத் தொடங்கிற்று.

"வருது! கடல் வருது!" என்று ஆமை கத்தியது. முதல் நுரை கல்லைத் தொட்டதுதான் தாமதம், முட்டைகள் பட் பட்டென்று வெடித்தன. ஒரு முட்டை, பத்து முட்டை, பிறகு எல்லாம்! நகக்கண் அளவு பேய்க்கணவாய்க் குஞ்சுகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் குட்டிக் கைகளோடு, தண்ணீருக்குள் துள்ளிக் குதித்தன. தீவே ஆரவாரம் போட்டது. உள்ளான் அழுதுகொண்டே சிரித்தது.

ஆனால் பிள்ளைகள் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலுக்கு மிரண்டு, மூலைக்கு ஒன்றாகச் சிதறி, கண்ட கண்ட கல்லுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. ஒரே மூச்சில் அந்த இடம் வெறிச்சோடிவிட்டது.

நண்டு பேய்க்கணவாயின் பக்கம் திரும்பியது. "மதினி, நீதான் சொல்லணும். இந்தப் பய இருக்கட்டுமா, போகட்டுமா?"

உள்ளான் தலையைத் தூக்கவில்லை. போகச் சொன்னால் போவது நியாயம்தான் என்று அதற்கே தோன்றியது. அந்தத் தெளிந்த தண்ணீரைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டது.

பேய்க்கணவாயின் நிறமெல்லாம் வெளிறிக்கொண்டிருந்தது. "எங்க சாதியில பிள்ளை பொரிச்ச பிறவு தாய் உயிரோட தங்க மாட்டா. முட்டைக்கு மேல உக்காந்த நாள்லேர்ந்து நான் ஒரு வாய் தின்னல. பிள்ளைக கண்ணைத் திறந்ததும் ஒவ்வொண்ணையும் தொட்டு, நான்தாம்லே உங்க ஆத்தான்னு சொல்லிட்டுப் போயிரலாம்னு இருந்தேன். இப்ப அதுகளைத் தேட எனக்கு நேரமில்ல." உள்ளானைப் பார்த்தது. "ஏ கொழுந்தா, நீ இரு."

"மதினி!"

"இந்தத் தீவுல யாரும் கல்லைத் தூக்கக் கூடாது. நீ மட்டும் தூக்கு. ஒண்ணு விடாம ஒவ்வொரு கல்லா பாரு. எம் பிள்ளைகளைக் கண்டா, உங்க ஆத்தா கடைசி வரைக்கும் உங்களை விட்டு நகரலன்னு சொல்லு."

"சொல்லுதேன் மதினி. எல்லாருகிட்டயும் சொல்லுதேன்!" என்று உள்ளான் அந்தக் கணமே பக்கத்துக் கல்லுக்கு ஓடியது. முதல் குஞ்சைக் கண்டு சேதியைச் சொல்லி, அதைத் தாயிடம் சொல்லலாம் என்று துள்ளிக் குதித்துத் திரும்பி வந்தபோது, கடல் பேய்க்கணவாயைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அன்று முதல்தான் உள்ளான் கரையில் ஒரு கல்லை விடாமல் புரட்டுகிறது. இடையில் எதையாவது கண்டால் கொத்தித் தின்னவும் செய்யும், பசி யாரை விட்டது? கோடையில் குஞ்சு பொரிக்க வடக்கே போனாலும், ஆவணி பிறந்ததும் அவசர அவசரமாக நம் கரைக்கு ஓடி வந்துவிடும். அடியில் யாருமே இல்லாத கல்லுக்கும் கடகடவென்று அந்தச் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் அது அடுத்த கல்லுக்குப் போகிறது.