ஒரு கரண்டி கூடுதல்

குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. ராமநாதபுரம் கடற்கரையோரம் எரிவாயுக் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்றில் ரோஸ்லின் சிமெண்ட் லேபின் தலைமை கெமிஸ்ட். வேலாயுதம் பதினைந்து வருஷம் கிணறு தோண்டும் ரிக் மேடையில் இரும்போடு மல்லுக்கட்டி, முட்டி தேய்ந்தபின் லேபுக்கு வந்தவர். அவர் "மேடம்" என்பார், அவள் "அண்ணே" என்பாள். கேண்டீனில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

கிணற்றில் இறக்கிய குழாயைச் சுற்றிச் சிமெண்ட் கலவையை ஏற்றுவார்கள். அது கல்லானால்தான் கீழே இருக்கும் கேஸ் மேலே வராது. ஆனால் கிணற்றின் அடியில் கடும் சூடு. கலவை பாதி வழியிலேயே இறுகிவிடக்கூடாது என்பதற்காக ரிடார்டர் என்று ஒரு பொடியைச் சேர்ப்பார்கள்; பொடி கூடக்கூட இறுகும் நேரமும் நீளும். எவ்வளவு பொடி, எத்தனை மணி நேரம் கழித்துக் கிணற்று வாயிலுள்ள பெரிய வால்வைக் கழற்றலாம், இரண்டையும் லேப் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கும்.

இந்தக் கிணற்றுக்கு எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது. ரிக்கில் வேலாயுதத்தோடு வேலை பார்த்த இருளப்பன் வால்வைக் கழற்றினார். கேஸ் பீறிட்டுத் தீப்பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அவசரப்பட்டுட்டான்" என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி பஞ்சவர்ணம், வேலாயுதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடவே வேலை பாத்தவுக நீங்க. சொல்லுங்கண்ணே, அவரு அவசரப்படுற ஆளா?"

வேலாயுதம் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே லேபுக்கு வந்துவிட்டார். ரோஸ்லின் அவருக்கு முன்பே வந்திருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"பொடியை எடைபோட்டு மூட்டை கட்டினது நான்தான். மூட்டைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டேன். முன்னாடி ஒரு கிணத்துல குழாய்க்குள்ளயே சிமெண்ட் இறுகி, அஞ்சு மாச வேலை மண்ணாப் போனதைப் பாத்தவன். அந்தப் பயம். இருளப்பன் செத்தது அதனாலயா?"

அவள் எழுந்து சிமெண்ட் டப்பாவைத் திறந்தாள். மூன்று கப்புகளில் சிமெண்டைக் கலந்தாள். பொடியை மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் போட்டாள். மூன்றையும் கிணற்றுச் சூட்டுக்கு வைத்த தொட்டியில் இறக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எட்டு மணி நேரம் இருவரும் அங்கேயே இருந்தார்கள். வேலாயுதம் இரண்டு முறை அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை. டீ வந்தது, ஆறியது, யாரும் குடிக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கப்புகளை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

முதல் கப்பில் நகம் இறங்கவில்லை. இரண்டாவதில் விரல் பதிந்தது. மூன்றாவது இன்னும் தயிராகத்தான் இருந்தது.

"மூணாவது என்னோடது" என்றார் வேலாயுதம்.

"ஆமா."

"ரெண்டாவது யாருது?"

"என்னோடது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டெஸ்ட்ல வந்த அளவு முதல் கப்புல இருக்கு. எனக்கும் பயம்தான் அண்ணே. கொஞ்சம் கூட்டித்தான் சீட்டுல எழுதினேன். ஆனா எட்டு மணி நேரம்ங்கிறதை மாத்தலை."

"ஏன் மேடம் யாருகிட்டயும் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

வேலாயுதம் விரலில் ஒட்டிய சிமெண்டைத் துடைத்தபடி சொன்னார். "பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கன்னுதான்."

"நானும் அதுக்குத்தான்."

வெளியே லாரி ஒன்று அடுத்த கிணற்றுக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு விசாரணை" என்றாள் ரோஸ்லின். "ரெண்டாவது கப்பை நான் கொண்டுபோறேன்."

"வேலை போயிரும் மேடம்."

"போகும்."

"அப்ப மூணாவது?"

"அது உங்க கையில இருக்கு."

அவர் அந்தக் கப்பைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் மனசு தப்பிக்க ஒரு சந்து தேடியது.

"நம்ம தப்புதான், இல்லேங்கலை. ஆனா அவனும் கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்ல மேடம்?"

ரோஸ்லின் மேஜையில் இருந்த டெலிபோனைப் பார்த்தபடி சொன்னாள்.

"எட்டு மணி நேரம் ஆனதும் இருளப்பன் இதுலதான் கூப்பிட்டார். 'மேடம், எனக்கு என்னமோ பயமா இருக்கு, இன்னும் ஒரு அரை மணி நேரம் பொறுத்துக் கழட்டட்டுமா'ன்னு கேட்டார். பொறுத்துட்டுக் கழட்டுங்கன்னேன். அப்பவும் நான் கூட்டினதைச் சொல்லலை அண்ணே."