பிஞ்சு வாயும் பந்திக் கரண்டியும்

"தாயே, இந்தக் கேமரா நமக்குச் சரிப்படாது," என்றார் ஆசிரமத்தில் மைக், கேமரா வேலைகளைப் பார்க்கும் பூவலிங்கம்.

குரு அம்மா பருப்புச் சோறு மசித்துக்கொண்டிருந்தார். அன்று ஆசிரமத்தில் மாரிச்செல்வியின் மகனுக்கு முதல் சோறு ஊட்டுகிற நாள்.

குழந்தையின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. பிள்ளை முகத்தை இன்னும் நேரில் பார்க்கவில்லை. குரு அம்மா பாடி முதல் வாய் ஊட்டுவதைப் படம்பிடித்து அனுப்புவதாகப் பூவலிங்கம் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் வாய் மறுபடி வராது.

என்ன குறை என்று குரு அம்மா கேட்டார்.

காலைப் பூசையில் சோதித்துப் பார்த்தாராம். மைக்குகள் எல்லாம் வந்து சேரும் மிக்சர் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துக் கேமராவில் செருகினாராம். படம் பளிச்சென்று இருக்கிறது. பாட்டு மட்டும் ஒரே கரகரப்பு.

"நான் பாடினதே அப்படித்தானோ?"

"நீங்க பாடினது தேன் தாயே. கேமராவில் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கு."

குரு அம்மா சிரித்துவிட்டார். கேமராவில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா என்றார்.

பார்த்தாராம். அதே கரகரப்பு மெதுவாகக் கேட்டதாம்.

மாரிச்செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொடுத்த வாக்கு உறுத்த, பூவலிங்கம் அவள் பக்கமே திரும்பவில்லை.

குரு அம்மா எழுந்து போய், அன்னதானப் பந்தியில் சோறு போடுகிற பெரிய கரண்டியை எடுத்தார். நிறைய அள்ளி நீட்டினார்.

"ஐயா, முதல் வாய் நீங்களே ஊட்டுங்க."

பூவலிங்கம் கரண்டியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். குழந்தையும் கரண்டியைத்தான் பார்த்தது.

"விளையாடாதீங்க தாயே. இது பந்திக்கு அள்ளுறது. இந்த வாய் தாங்குமா?"

"ஊட்டிட்டு, அப்புறம் வாயைத் துடைச்சுவிட்டால் ஆச்சு."

"அப்புறம் துடைச்சு என்ன? உள்ளே போகும்போதே விக்கி..."

பாதியில் நிறுத்தினார்.

கரண்டியை வைத்துவிட்டுக் கேமராவிடம் ஓடினார். ஒயர் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசை. ஒரு பக்கம் 'மைக்', மறுபக்கம் பெட்டிகளிலிருந்து வரும் பலத்த ஒலிக்கான 'லைன்'. வாங்கின நாள் முதல் அது 'மைக்' பக்கமே கிடந்தது, ஒற்றை மைக்கின் மெல்லிய முணுமுணுப்புக்கு வாய் திறந்தபடி. மிக்சர் பெட்டி அனுப்பியதோ பந்திச் சோறு.

விசையை 'லைன்' பக்கம் தள்ளினார். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையை ஆட்டினார்.

குரு அம்மா பாடினார். பிறகு முருகா என்று சொல்லி, விரல் நுனியில் துளிச் சோறு எடுத்து, குழந்தையின் நாக்கில் வைத்தார்.

கேட்கிறதா என்று மாரிச்செல்வி கண்ணாலேயே கேட்டாள்.

பூவலிங்கம் உதட்டில் விரல் வைத்தார்.

"சப்புக்கொட்டுறான்," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.