கண்ணில்லாத ஊரில் மயில்தோகைக் கோபுரம்

காட்டோரத்தில் ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. அதுதான் கறையான்களின் ஊர். வெளியே பார்த்தால் வெறும் மண்குவியல். உள்ளேயோ காற்றுக் குழாய்கள், குளுகுளு அறைகள், முட்டைகளுக்குத் தனி மாடி! கறையான்களுக்குக் கண் கிடையாது. அதனால் ஊரின் உருவத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதே இல்லை, வாயாடி மைனா வந்து உட்காரும்வரை.

"அண்ணே, இதுவா உங்க ஊரு? சாணிக் குவியல்னு நினைச்சுல்ல உட்கார்ந்தேன்!"

உள்ளே இருந்த தலைமைக் கொத்தனார் செம்மண்ணாருக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் அப்படியா சொல்றாங்க?"

மைனாவுக்கு எந்தக் குரலும் வரும். முதலில் மயிலாக அகவியது. "சீ! இந்த மேட்டுப் பக்கம் நின்னு ஆடினா என் மானம் போயிடும்." அடுத்து நரியாக இளித்தது. "யாராவது வழி கேட்டா, அந்தச் சாணிமேட்டுல இடப்பக்கம் திரும்புன்னுதான் சொல்றேன்."

செம்மண்ணார் பொங்கிவிட்டார். "எந்த உருவத்துல கட்டணும்? சொல்லு!"

"விரிச்ச மயில்தோகை! வானத்துல போறவங்க எல்லாம் நின்னு பார்ப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, அதை உள்ளேயிருந்து கட்ட முடியாது. வெளியே வந்து, வெயில்ல நின்னு கட்டணும்."

மூடிய சுவருக்குள்ளேயே வேலை செய்து பழகிய கூட்டம், முதன்முறையாக வரிசை வரிசையாக வெளியே ஏறியது. தோகை வளர்ந்தது. மைனாவின் வயிறும் வளர்ந்தது.

ராணிக் கறையான் செம்மண்ணாரைக் கூப்பிட்டார். "மேலே போனவங்க ஏன் திரும்பி வரல?"

"தோகையோட அழகைப் பார்த்துச் சொக்கிப்போய் அங்கேயே நிக்கிறாங்களாம், அம்மா. மைனா சொல்லிச்சு."

"பார்த்தா? எதைக் கொண்டு பார்த்தாங்க?"



அப்போது வெளியே ஒரு பிளிறல். "ஆகா! இந்த ஊரைப் பார்க்க மலை தாண்டி வந்த யானை நான்! இன்னும் நூறு பேரை மேலே அனுப்புங்க, தோகை முடியட்டும்!"

ராணி காலைத் தரையில் அழுத்தி வைத்தார். எலி ஓடினாலே மண் அதிரும். யானை வந்தும் மண் அசையவில்லை.

"இது யானை இல்லை, மைனா. போனவங்க அதோட வயித்துல இருக்காங்க," என்றார் ராணி. "தோகை உச்சியை உள்ளேயிருந்தே குடைஞ்சு, ஈரச் சேறு நிரப்புங்க. சிப்பாய்கள் சேத்துக்கு அடியில காத்திருக்கட்டும்."

வேலை முடிந்ததும் செம்மண்ணார் குரல் கொடுத்தார். "மைனாத் தங்கச்சி! நூறு பேர் உச்சிக்கு வராங்க. நீயே வந்து திறந்து வைக்கணும்!"

மைனா ஆசையாகப் பறந்து வந்து உச்சியில் அமர்ந்தது. இரண்டு காலும் சேற்றில் புதைந்தன. சிப்பாய்கள் கவ்விப் பிடித்தார்கள். மயிலாக அகவியது, நரியாக ஊளையிட்டது, யானையாகப் பிளிறியது. பிடி தளரவில்லை.

"ஐயோ, விடுங்க! நான்தான், மைனா!"

"இன்னைக்குத்தான் சொந்தக் குரல்ல பேசுறே," என்றார் செம்மண்ணார்.

பாதி இறகைப் பறிகொடுத்துவிட்டு ஓடிய மைனா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போன கறையான்களும் திரும்பவில்லை. அடுத்த மழையில் தோகை கரைந்தது. யாரும் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து மண் லேசாக அதிர்ந்தது. நிஜ நரி! அது குட்டியிடம் சொல்லிக்கொண்டே போனது. "அந்தச் சாணிமேட்டுல இடப்பக்கம் திரும்புடா."

அது செம்மண்ணார் காதில் விழுந்தது. சிரித்துவிட்டு, முட்டை மாடிக்குப் போகும் காற்றுக் குழாயை அகலப்படுத்தப் போனார்.

தூரத்தில் நின்று பார்ப்பவரின் பாராட்டுக்காக ஊரைக் கட்டாமல், அதற்குள் வாழ்பவரின் நலத்துக்காகவே கட்ட வேண்டும்.